சுண்ணாம்புக் கால் கிடாய்

பூட்டான்காரர் ஒருவரைப் பட்டினி போடுவது மிகச் சுலபம். "சாப்பிடுங்கோ" என்று இரண்டு தரம் மட்டும் கேட்டால் போதும். இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். அதையும் என் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வைத்தே கண்டுபிடித்தேன்.

அவன் யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்கு வந்தது மிளகாய்ச் செய்கை பழக. வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு சின்னப் பயிற்சித் தோட்டத்தில் எனக்கு வேலை. சொட்டு நீரில் மிளகாயும் வெங்காயமும் எப்படிச் செய்வது என்று வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். பூட்டானில் இருந்து ஒருவர் ஒரு வருடம் தங்கிப் பழகப் போகிறார் என்றார்கள். எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. என் மனுசி கூட்டித் துடைத்துக் கொடுத்தாள்.

வந்து இறங்கியபோது தன் நாட்டு உடுப்பில் இருந்தான். நீண்ட அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் இறுக்கிக் கட்டி, கீழே முழங்கால் வரைக்கும் கறுப்பு மேஸ், நீளக் காலுறை, போட்டிருந்தான். மனுசியின் தம்பி, அதாவது என் மச்சான், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான்:

"அத்தான், உவர் குளிச்சுப்போட்டு அப்பிடியே வெளிக்கிட்டு வந்திட்டாரோ?"

முப்பது வயது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை ஏழு வயதில் மடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் பிக்குவாக இருந்துவிட்டு, ஒரு நாள் ஆடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விவசாய வேலைக்கு வந்தவன். ஆங்கிலம் நல்லாக வரும். தமிழை எங்களிடம் வந்துதான் பழகினான். அதுவும் நாங்கள் கதைக்கிற மாதிரியே பழகினான். என்னை அண்ணை என்பான், மனுசியை அக்கா என்பான்.

மடத்துக் கதைகளைச் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வான். விடிய முதலே எழும்பி, குளிரில் விறைத்த பலகையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பாடமாக்க வேண்டுமாம். ஆட்டம் நின்றால் நித்திரை என்று அர்த்தம். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான பிக்கு சாட்டையோடு பின்னால் வருவார். அந்தச் சாட்டை நுனி பட்ட தழும்பு அவன் காதில் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினான்.

"நல்ல மனுசன் அண்ணை. அடிச்சாப் பிறகு தேத்தண்ணி தருவார்."

"எங்கடை வாத்தியார் அடிச்சாப் பிறகு எங்களையே தேத்தண்ணி வாங்கப் போகச் சொல்லுவார்" என்றேன்.

காலையில் மனுசியின் ஏழு எவர்சில்வர் கிண்ணங்களை அறைக்குள் ஒரு வரிசையில் வைத்து, புத்தருக்குப் படையலாகத் தண்ணீர் நிரப்புவான். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஒரு நெல்லுமணி அளவு இடைவெளி. பின்னேரம் அதைப் பயபக்தியோடு ஊற்றிக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பான். ஒரு நாள் நான் தோட்டத்துத் தொட்டியில் இருந்து நெளிகிற நுளம்புப் புழுக்களை அள்ளி மூன்றாவது கிண்ணத்தில் விட்டேன். அவன் அவற்றைக் கொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு வாளியில் விட்டு, நிழலில் வைத்து, ஒரு கிழமை பொறுப்போடு வளர்த்தான். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் வாளியைக் கண்டுவிட்டு என்னைத்தான் முற்றத்தில் நிறுத்தி வைத்து ஏசினார். வீட்டுக்காரன் நான் அல்லவா. மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் நிலத்தில் விழுந்து சிரித்தான்.

சாப்பாட்டு விஷயம் அதற்குப் பிறகு. அவர்கள் ஊரில் யாராவது சாப்பாட்டை நீட்டினால் உடனே கை நீட்டக் கூடாது. வாயைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட வேண்டும். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் வற்புறுத்தும்போது வாங்க வேண்டும். அதுதான் மரியாதை. இதை அவனே ஒரு நாள் வெள்ளை மனத்தோடு எனக்கு விளங்கப்படுத்தினான். நான் அடுத்த நாளே தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன்: இரண்டு தரம் கேளுங்கோ, மூன்றாம் தரம் கேளாதேங்கோ.

பதினொரு நாள் மத்தியானச் சாப்பாடு இப்படித்தான் நடந்தது. நாங்கள் வட்டமாக இருந்து சாப்பிடுவோம். ஒருவன் புட்டை நீட்டுவான். அவன் வாயை மூடுவான். இன்னொருவன் நீட்டுவான், மூடுவான். பிறகு நாங்கள் கையைக் கழுவிவிட்டு மழையைப் பற்றிக் கதைப்போம். அவன் கண் புட்டுப் பானையிலேயே நிற்கும். பன்னிரண்டாம் நாள் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் குந்தி இருந்து பச்சை மிளகாயைப் பேக்கரிப் பாணோடு கடித்துத் தின்றுகொண்டிருந்தவனை மனுசி கண்டுவிட்டாள். அவளிடம் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. விஷயம் விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்கள் ஊர்த் திருவிழாவில் சிவப்பு முகமூடி போட்ட கோமாளி ஒருவன் வருவானாம். பெரிய பிக்குமாரையும் விடமாட்டான், வெளியில் சொல்ல முடியாத பகிடியெல்லாம் விடுவான்; ஒருவரும் கோபிக்கக் கூடாது, அந்தச் சிரிப்பில் கெட்டது ஓடிப்போகும் என்பார்களாம்.

"அண்ணை அந்தக் கோமாளி" என்றான்.

ஊர் எனக்கு வைத்திருந்த பெயர் தறுதலை. ஒருவன் வந்து அதைச் சமயப் பதவியாக உயர்த்தித் தந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நான் இரண்டு தரம்கூட மறுக்கவில்லை. உடனே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை தொடங்கின கிழமையில் அவனுடைய தாய்க்கு வயிற்றில் கட்டி என்று தொலைபேசி வந்தது. சனிக்கிழமை ஒப்பரேசன். போகவா என்று கேட்டிருக்கிறான். இடையில் விட்டுவிட்டு வரக் கூடாது, பழகி முடித்துவிட்டு வா என்று தாயே சொல்லிவிட்டாள். மடத்துப் பெரியவரிடமும் கேட்டிருக்கிறான். அவர் ஒரு வழி சொல்லியிருந்தார். அதற்கு என்னிடம் வந்தான்.

"அண்ணை, சாகப் போற உயிர் ஒண்டு வேணும்."

"என்னைப் பார்த்தால் எப்பிடித் தெரியுது?"

"பகிடி இல்லை அண்ணை. வெட்டப் போற ஒண்டை நான் வாங்கி விட வேணும். அதின்ரை சாவு தள்ளிப் போனால் அம்மாவின்ரை சாவும் தள்ளிப் போகும்."

வெட்டப் போகிற உயிருக்கு எங்கும் அலைய வேண்டி இருக்கவில்லை. மச்சான்தான் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், பங்கு போடுகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் ஒரு கிடாய் வெட்டி, பதினாலு வீட்டுக்கும் பதினாலு குவியலாக வாழையிலையில் பிரித்து வைப்பான். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு துண்டு ஈரல். அந்த ஞாயிறுக்கென்று ஒரு கிடாய் அவன் வீட்டு வளவில் கட்டி நின்றது. செம்மண் நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் மேஸ் போட்ட மாதிரி வெள்ளை.

மச்சான் கேட்ட விலையை அவன் பேரம் பேசாமல் கொடுத்தான். கிடாயின் நெற்றியில் தண்ணீர் தெளித்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஏதோ ஓதினான். காதில் ஒரு சிறு துளை போட்டுச் சிவப்பு ரிபன் கட்டினான். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினான். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

"எங்கை கட்டப் போறீர்?" என்று மச்சான் கேட்டான்.

"கட்டுறது இல்லை. விட்டாச்சு."

"விட்டாச்சு எண்டால்?"

"இனி இது ஒருத்தருக்கும் சொந்தம் இல்லை. எங்கடை ஊரிலை காதிலை ரிபன் கண்டால் ஒருத்தரும் தொட மாட்டினம். மலையிலை கிழடாகித் தானாச் சாகும்."

நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கோப்பாயில் மலை இல்லை. சொந்தக்காரன் இல்லாத புல்லுக்கட்டுக்கூட ஒழுங்கையில் அரை மணித்தியாலம் கிடக்காது. அங்கே அவன் ஒரு கிடாயை அவிழ்த்து விட்டிருக்கிறான். இதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். எங்கள் வளவிலேயே கட்டி வையும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இது எங்கே போய் முடியும் என்று பார்க்கிற ஆசை எனக்கு வந்துவிட்டது. பகிடிக்காரனின் வியாதி அது.

கிடாய் இரண்டு நாள் ஊர் சுற்றியது. ஒருவருடைய வெங்காயத்தை மிதித்தது, இன்னொருவருடைய பீற்றூட்டைக் கடித்தது. சனிக்கிழமை பின்னேரம், பூட்டானில் ஒப்பரேசன் நடந்துகொண்டிருந்த நேரம், தானாகவே மச்சான் வளவுக்கு வந்து தன் பழைய கட்டையடியில் நின்றது. பலா இலை போடுகிற கை எது என்று அதற்குத் தெரியும்.

மச்சான் என்னை வேலியடிக்குக் கூப்பிட்டான்.

"அத்தான், நான் கூப்பிடேல்லை. தானா வந்து நிக்குது. நாளைக்குப் பதினாலு வீடும் சட்டியோடை வரும். மற்றக் கிடாய் இன்னும் இறைச்சி பிடிக்கேல்லை. என்ன செய்ய?"

என்னிடம் கேட்டான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் விட்டிருப்பான். நான் சொன்னது இது:

"ரிபனைக் கழட்டிப்போட்டு வெட்டு."

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அவன் ரிபனைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துவிட்டான்.

ஞாயிறு எங்கள் பங்கை நானே வாங்கி வந்தேன். எந்தக் கிடாய் என்று மனுசிக்குச் சொல்லவில்லை. அவள் நல்ல சரக்கு அரைத்துப் போட்டுப் பிரட்டல் வைத்தாள். பூட்டான்காரன் முந்தின நாளில் இருந்து ஒன்றும் தின்னவில்லை. ஒப்பரேசன் முடிந்தும் தாய்க்கு நினைவு திரும்பவில்லை. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். மனுசி கெஞ்சிக் கூப்பிட்டு மேசையில் இருத்தினாள். அவர்கள் இறைச்சி தின்பவர்கள்தான், பிக்குமாரும் தின்பார்கள். ஆனால் தங்களுக்கென்று கொன்றதைத் தொடமாட்டார்கள்.

"அண்ணை, இது எங்களுக்காக வெட்டினதோ?"

"இல்லைத் தம்பி. ஊருக்காக வெட்டினது."

ஒரு பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். அதை நினைத்து அந்த நேரம் என்னையே மெச்சிக்கொண்டேன். அவன் வாயை மூடினான், நான் இரண்டாம் தரம் கேட்டேன், மூடினான், மூன்றாம் தரமும் கேட்டு, அகப்பை நிறைய அள்ளி வைத்தேன். அவன் தட்டுக்கு மேல் குனிந்து, இறைச்சியைப் பார்த்து மெல்ல ஏதோ ஓதினான். என்ன என்று மனுசி கேட்டாள்.

"இந்த ஆட்டுக்கு, அக்கா. இனி நல்ல பிறவி கிடைக்க வேணும் எண்டு."

பிறகு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான். நல்ல பசி. இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டான். நான் என் பகிடியின் கடைசி வரியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அவன் கை கழுவி வரட்டும் என்று காத்திருந்தேன். ரிபனை எடுத்து மேசையில் வைப்பது என்பது திட்டம். கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

தொலைபேசி அடித்தது. ஈரக் கையாலேயே எடுத்தான். அந்தப் பக்கம் யாரோ கத்திக் கதைத்தார்கள். அவன் முகம் கோணி, கண்ணீர் வழிந்து, பிறகு சிரித்தான்.

"அம்மா கண் முழிச்சிட்டா. தண்ணி கேட்டவவாம்."

மனுசி கைகூப்பினாள். அவன் எழும்பி என் முன்னால் வந்து நின்றான். கைகளை உச்சியிலும் வாயிலும் நெஞ்சிலும் குவித்து, முழங்காலில் விழுந்து, நெற்றி சீமெந்தில் பட வணங்கினான். எழும்பி இன்னொரு தரம். பிறகு இன்னொரு தரம்.

"அண்ணைதான் ஆட்டைக் காட்டினது. அண்ணையாலைதான் அம்மா இருக்கிறா."

என் கை பைக்குள்ளேயே நின்றது. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு பகிடியைச் சொல்லாமல் விழுங்கினேன். அது இறைச்சிக்கு மேல் போய் இருந்தது.

அவன் அறைக்குப் போனதும் மனுசி என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் என்னோடு இருந்தவள்.

"இஞ்சேருங்கோ. என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். அவள் சட்டியோடு எடுத்துப் போய் வளவின் மூலையில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தப் பெடியன் வயித்துக்கை இருக்கிறதை எங்கை கொண்டுபோய்க் கொட்டப் போறியள்?"

அதோடு முடிந்திருந்தால் நான் பயந்துகொண்டே மறந்திருப்பேன். ஐந்தாம் நாள் தாய் கேட்டாளாம், அந்த ஆட்டை ஒருக்கால் உயிரோடு காட்டு என்று. அவன் ஊர் முழுக்கத் தேடிவிட்டு என்னிடம் வந்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்கடை மச்சான் வளவிலைதான் மேயுது. பின்னேரம் பிடிச்சு வைக்கிறன்."

மச்சானின் மற்றக் கிடாயும் செம்மண் நிறம்தான். நெற்றியும் கொம்பும் ஏறக்குறைய ஒன்று. கால் மட்டும் வெள்ளை இல்லை. மனுசியின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்து சுண்ணாம்பை எடுத்துக் குழைத்து முன்னங்காலில் பூசினேன். காதில் துளை போட்டு ரிபனையும் கட்டினேன். மச்சான் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் என் கைவேலை திறமாகத்தான் தெரிந்தது.

அவன் வந்தான். கிடாயைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். ஏழு வயது வரைக்கும் ஆடு மேய்த்தவன் என்பதை நான் நினைக்கவே இல்லை. நான் வாய் ஓயாமல் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். கிடாய் இளைச்சிட்டுது, சுதந்திரம் உடம்புக்குப் பிடிக்கேல்லை என்றேன். அவன் குந்தி இருந்து வெள்ளைக் காலைத் தடவினான். கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தான். அவர்களும் எங்களைப் போல வெற்றிலை போடுகிறவர்கள். விரலில் இருந்தது என்ன என்று மூக்குக்குக் கொண்டுபோக வேண்டிய தேவைகூட அவனுக்கு இல்லை.

அவன் தன் மடியில் இருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தான். திறந்து, சுண்ணாம்பைத் தொட்டு, தன் கை பட்டு அழிந்த இடத்தில் மெதுவாகப் பூசினான். குளம்பின் விளிம்பு வரைக்கும், நான் விட்ட இடத்தையும் சேர்த்து ஒழுங்காகப் பூசினான். பிறகு தாயைக் கூப்பிட்டான்.

சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கிழவியின் முகம், மூக்கில் குழாய். அவள் கிடாயைப் பார்த்துக் கையைக் கூப்ப முயன்றாள். ஒரு கைதான் எழும்பியது. ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அவள் சிரித்தாள். முடிந்ததும் நான் கேட்டேன், அம்மா என்ன கேட்டவ என்று.

"இது அதுதானோ எண்டு கேட்டவ. ஓம் எண்டன்."

கொஞ்ச நேரம் கிடாயின் காதைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஞாயிற்றுக்கிழமை நானும் சாப்பிட்டன், என்ன?"

"ஓம்."

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன்."

நான் அந்தக் கிடாயை மச்சானிடம் வாங்கி எங்கள் வளவில் கட்டினேன். தாய் ஒவ்வொரு வெள்ளியும் பார்க்க வேண்டும் என்றாள். ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் நான் கொம்பைப் பிடிப்பேன், அவன் குந்தி இருந்து காலுக்குச் சுண்ணாம்பு அடிப்பான். கிடாய்க்கு என்னைக் கண்ணில் காட்டக் கூடாது. என் தொடையில் இடித்தது, மனுசியின் மல்லிகையைத் தின்றது, நான் வாசிக்கிற பேப்பரைத் தின்றது. அவனைக் கண்டால் மட்டும் காலை நீட்டிக்கொண்டு நிற்கும். அவன் என்னோடு முன்னைப் போலவே கதைத்தான். என் பகிடிக்குச் சிரிப்பதையும் நிறுத்தவில்லை. சபைக்குச் சிரிக்கிற மாதிரி, மரியாதையாக, நேரம் தவறாமல் சிரித்தான். கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

ஒரு வெள்ளி தாங்க முடியாமல் கேட்டேன்:

"தம்பி, அடுத்த பிறவியிலை நான் ஆடாப் பிறப்பனோ?"

தூரிகையை எடுக்காமலே யோசித்தான்.

"இல்லை அண்ணை. ஆடு நல்ல பிறவி."

தை பிறந்து இரண்டாம் கிழமை தாய் செத்துப்போனாள். காலையில் செய்தி வந்தது. அவர்கள் வழக்கத்தில் நாற்பத்தொன்பது நாளும் கிரியை உண்டு. பிந்திப் போனாலும் கடைசிக் கிரியைகளுக்குச் சேரலாம் என்றான். பயிற்சி முடியவில்லை, சான்றிதழ்ப் பத்திரமும் கிடைக்காது. பரவாயில்லை என்றான். மனுசி அவன் உடுப்புகளை அழுதுகொண்டு மடித்தாள். நான் அறை வாசலில் நின்றேன்.

"தம்பி, அந்த வருத்தம் அப்பிடித்தானே. கட்டி எண்டால்..."

"ஓம் அண்ணை. டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் என்னைத் தாண்டி வளவுக்குப் போனான்.

கிணற்றில் ஒரு வாளி அள்ளினான். கிடாயின் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து, மூன்று மாதச் சுண்ணாம்பையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கால் செம்மண் நிறத்துக்கு வந்தது. காதில் இருந்த ரிபனை நோகாமல் அவிழ்த்துத் தன் பைக்குள் வைத்தான். கட்டையில் இருந்த கயிற்றைக் கழற்றிக் கொண்டுவந்து, என் வலது கையை எடுத்து, விரல்களை விரித்து, அதற்குள் வைத்தான்.

"இனி வெட்டலாம் அண்ணை."

குரலில் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். மனுசியிடம் மட்டும் போய் விழுந்து வணங்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

பின்னேரம் மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். கிடாய் காய்ந்த காலோடு நின்றது.

"அவர் போட்டார் என்ன? அப்ப இந்த ஞாயிறு இதைப் போடுவமோ அத்தான்? நல்லா விளைஞ்சிட்டுது."

வேண்டாம், இதைச் சாகும் வரைக்கும் நானே வைத்திருக்கப் போகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். மனுசி குசினி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், அந்த ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன்.

"ஈரல் எனக்கு" என்றேன்.

மச்சான் சிரித்தான். ஞாயிறு காலை அதைத் தனியாக வாழையிலையில் கட்டித் தந்தான்.